ஹிஸ்தேமி: நிற்பதும் நிறுத்துவதும் ஒரே வினையில்

பழங்கிரேக்கத்தில் ‘மி’ என்று முடியும் வினைகள் ஒரு சிறு கூட்டம். திதோமி என்றால் கொடுக்கிறேன். தித்ஹேமி என்றால் வைக்கிறேன். ஹியேமி என்றால் அனுப்புகிறேன். இந்த மூன்றுக்கும் வடிவங்கள்தான் கடினம், பொருளில் சிக்கல் இல்லை. ஹிஸ்தேமிக்கு இரண்டுமே கடினம். அதை ‘நிற்கிறேன்’ என்று மனப்பாடம் செய்தவர் பாதி இடங்களில் தடுக்கி விழுவார். ‘நிறுத்துகிறேன்’ என்று செய்தவர் மறுபாதியில் விழுவார். ஹோமர் முதல் புதிய ஏற்பாடு வரை எதைப் படித்தாலும் பக்கத்துக்குப் பக்கம் இந்த வினையோ இதன் கூட்டுவினைகளோ எதிர்ப்படும். அதனால் இதை அரைகுறையாக விட்டுவைக்க முடியாது.

எழுத்துமுறை பற்றி ஒரு வார்த்தை. கிரேக்கத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழிலும் அப்படியே என்பதால் குறில் நெடில் வேறுபாட்டை இங்கே பிசகாமல் காட்ட முடிகிறது. மூச்சொலி வரும் இடங்களில் ‘ஹ’ சேர்த்திருக்கிறேன்: தீட்டா ‘த்ஹ’ ஆகும், ஃபை ‘ப்ஹ’ ஆகும். சொல்லின் நடுவில் வரும் க, த, ப ஆகியவற்றைப் பெரும்பாலும் வல்லொலியாகவே வாசிக்க வேண்டும். இந்த ‘ஹ’வை அலட்சியமாகத் தாண்டிவிட வேண்டாம். எந்தக் காலம் என்பதைப் பல இடங்களில் அதுதான் சொல்லும்.

தமிழ் இலக்கணம் அறிந்தவருக்கு இந்த வினையின் அடிப்படை புதிதல்ல. ‘நில்’ தன்வினை, ‘நிறுத்து’ பிறவினை. தமிழில் இந்த வேறுபாடு அடிச்சொல்லிலேயே தெரிந்துவிடும்; நின்றேன், நிற்கிறேன், நிற்பேன் என்று எந்தக் காலத்துக்குப் போனாலும் தன்வினை தன்வினையாகவே இருக்கும். ஹிஸ்தேமி அப்படியில்லை. வினை ஒன்றுதான், அதன் சில காலவடிவங்கள் பிறவினை, சில தன்வினை. காலத்தை அடையாளம் கண்டால்தான் நின்றதா நிறுத்தியதா என்பதே தெரியவரும்.

பிறவினைப் பக்கம் நான்கு. நிகழ்காலம் ஹிஸ்தேமி, நிறுத்துகிறேன். தொடர் இறந்தகாலம் ஹிஸ்தேன், நிறுத்திக்கொண்டிருந்தேன். எதிர்காலம் ஸ்தேஸோ, நிறுத்துவேன். முதல் அயோரிஸ்ட் எஸ்தேஸ, நிறுத்தினேன். (அயோரிஸ்ட் என்பது செயலை முழுமையாகக் காட்டும் இறந்தகாலம்; இந்த வினைக்கு அதில் இரண்டு வகை.) தன்வினைப் பக்கத்தில் இரண்டாம் அயோரிஸ்ட் எஸ்தேன், நின்றேன் அல்லது எழுந்து நின்றேன். முடிந்த செயலின் விளைவான நிலையைக் காட்டும் பெர்ஃபெக்ட் ஹெஸ்தேக, நின்றுகொண்டிருக்கிறேன். அதன் இறந்தகாலமான ஹெயிஸ்தேகே, நின்றுகொண்டிருந்தேன். இவற்றோடு, செயல் செய்பவரையே சாரும் வடிவமான நடுவினையின் நிகழ்காலமான ஹிஸ்தமையும் எதிர்காலமான ஸ்தேஸொமையும் பெரும்பாலும் தன்வினைதான். பாடநூல்கள் ஆறு முதன்மை வடிவங்கள் என்று ஒரே வரிசையில் அடுக்குவதால் இந்தப் பிரிவு கண்ணில் படாமல் போகிறது. குறிப்பேட்டில் இரண்டு பத்திகளாகப் பிரித்து, ஒன்றின் தலையில் ‘நிறுத்து’ என்றும் மற்றதன் தலையில் ‘நில்’ என்றும் எழுதி மனப்பாடம் செய்வதே நல்ல வழி. பேரகராதிகளும் இந்த வினையின் கீழ் இப்படித்தான் இரு பெரும்பிரிவு வைக்கின்றன.

வடிவங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்று தெரிந்தால் மனப்பாடச் சுமை பாதியாகும். வேர் ‘ஸ்தா’. சமஸ்கிருத வழியாகத் தமிழில் வழங்கும் ஸ்தானம், ஸ்திரம், ஸ்தாபனம் ஆகியவற்றில் இருப்பதும் இதே இந்தோ-ஐரோப்பிய வேர்தான். கிரேக்கத்தின் டோரிக் கிளைமொழி இதன் ஆகாரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஹிஸ்தாமி என்கிறது. ஏதென்ஸின் அட்டிக் கிளைமொழியில் அது ஏகாரமானது. நிகழ்காலத்தில் வேரின் முதல் மெய் இகரத்தோடு இரட்டித்து முன்னால் வந்தது: ‘ஸி-ஸ்தா-மி’. சமஸ்கிருதத்தின் ‘திஷ்டதி’யிலும் லத்தீனின் ‘சிஸ்தோ’விலும் இதே இகர இரட்டிப்பைப் பார்க்கலாம். கிரேக்கத்தில் உயிருக்கு முன் சொல்லின் தொடக்கத்தில் நின்ற ஸகரம் ஹகரமாகத் தேய்ந்தது. சமஸ்கிருதத்தின் ‘சப்த’ கிரேக்கத்தில் ‘ஹெப்த’ ஆக இருப்பது இதனால்தான். ஆகவே ‘ஸிஸ்தா’ ‘ஹிஸ்தே’ ஆனது. பெர்ஃபெக்ட்டில் இரட்டிப்பு எகரத்தோடு வரும்: ‘ஸெ-ஸ்தா’ என்பது ‘ஹெஸ்தே’ ஆயிற்று. அயோரிஸ்ட்டின் தொடக்கத்தில் இருக்கும் எகரம் இரட்டிப்பு அல்ல. அது இறந்தகாலத்தைக் காட்டும் முன்னொட்டு மட்டுமே, அதில் ஸகரம் ஒருபோதும் இருந்ததில்லை. அதனால் ஹகரமும் இல்லை. எஸ்தேன் என்பதற்கும் ஹெஸ்தேக என்பதற்கும் முதல் ஒலியிலேயே வேறுபாடு வருவது இப்படித்தான்.

வேரின் உயிர் நீண்டும் குறுகியும் வருவதையும் கவனிக்க வேண்டும். நிகழ்காலத்தின் ஒருமையில் நெடில்: ஹிஸ்தேமி, ஹிஸ்தேஸ், ஹிஸ்தேஸி. பன்மையில் குறில்: ஹிஸ்தமென், ஹிஸ்ததெ. பெர்ஃபெக்ட்டும் இதே போக்குதான். ஒருமையில் ககரத்தோடு ஹெஸ்தேக. பன்மையில் பெரும்பாலும் ககரமே இல்லாமல் ஹெஸ்தமென், நிற்கிறோம். இரண்டாம் அயோரிஸ்ட் மட்டும் நெடிலைக் கடைசிவரை விடாது: எஸ்தேன், எஸ்தேஸ், எஸ்தே, எஸ்தேமென், எஸ்தேதெ, எஸ்தேஸன்.

அந்தக் கடைசி வடிவத்தில்தான் பெரிய பொறி இருக்கிறது. எஸ்தேஸன் என்றால் ‘அவர்கள் நின்றார்கள்’. முதல் அயோரிஸ்ட்டின் படர்க்கைப் பன்மையும் எஸ்தேஸன்தான், ‘அவர்கள் நிறுத்தினார்கள்’. ஒன்றில் பிரிப்பு எஸ்தே-ஸன், மற்றதில் எஸ்தேஸ்-அன். காதுக்கும் கண்ணுக்கும் ஒன்றே. ஹோமரில் தன்வினைக்கு எஸ்தன் என்ற பழைய குறுவடிவமும் உண்டு, அட்டிக்கில் அது வழக்கொழிந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. இரண்டாம் வேற்றுமையில் ஒரு செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்ப்பதே இங்கு வழி. வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் ‘த்ரொபய்யொன் எஸ்தேஸன்’ என்று அடிக்கடி எழுதுவார். போரில் வென்ற படை, எதிரி புறங்காட்டிய இடத்தில் கைப்பற்றிய ஆயுதங்களை ஒரு மரத்திலோ கம்பத்திலோ மாட்டி வெற்றிச்சின்னம் நாட்டும். த்ரொபய்யொன் என்ற அந்தச் சின்னம் செயப்படுபொருளாக இருப்பதால் ‘நாட்டினார்கள்’ என்றுதான் பொருள்.

இரண்டு அயோரிஸ்ட்களும் மற்ற இடங்களில் தெளிவாகவே பிரியும். ஸ்தேனை ‘நிற்க’, ஸ்தேஸை ‘நிறுத்த’. எச்சவடிவத்தில் ஸ்தாஸ் ‘நின்று’, ஸ்தேஸாஸ் ‘நிறுத்தி’. ஏவலில் ஸ்தேத்ஹி ‘நில்’, ஸ்தேஸொன் ‘நிறுத்து’. ஆக, ‘ஸ்தே’வுக்குப் பின் ஒரு ஸகரம் தலைகாட்டினால் பிறவினை என்று முதலில் சந்தேகிக்கலாம். படர்க்கைப் பன்மை எஸ்தேஸன், முன்னிலை ஒருமை எஸ்தேஸ், எதிர்கால நடுவினை ஸ்தேஸொமை ஆகியவை இந்த விதிக்கு அடங்காதவை. ஸ்தேஸை என்ற வடிவத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஏகாரத்தின் மேல் வளைந்த அசைக்குறி இருந்தால் அது ‘நிறுத்த’ என்ற இன்ஃபினிட்டிவ், அல்லது ‘உனக்காக நிறுத்திக்கொள்’ என்ற நடுவினை ஏவல். சாய்ந்த குறி இருந்தால் ‘அவன் நிறுத்தட்டும்’ என்பது போன்ற விருப்ப வடிவம். மற்ற இடங்களில் இறுதி ஐகாரம் அசைக்கணக்கில் குறிலாக எண்ணப்படும், விருப்ப வடிவத்தில் மட்டும் நெடிலாக எண்ணப்படும் என்பதே காரணம். அச்சிட்ட நூலில் அந்தச் சிறு குறியைப் பார்க்காமல் தாண்டுவதால் வரும் பிழைகள் ஏராளம்.

சில வரிகளை அருகில் வைத்துப் பார்க்கலாம். அட்டிகாவின் அனவிசோஸில் கிடைத்து இப்போது ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் இளைஞன் சிலை ஏறத்தாழ கி.மு. 530-ஐச் சேர்ந்தது. அதனுடையது என்று கருதப்படும் பீடத்தின் கல்வெட்டு ‘ஸ்தேத்ஹி’ என்ற சொல்லில் தொடங்குகிறது: நில், போரில் மடிந்த குரோய்சோஸின் கல்லறை அருகே நின்று இரங்கு என்று வழிப்போக்கரைக் கேட்கிறது. இரண்டாம் அயோரிஸ்ட் ஏவல், நடந்துபோகிறவர் ஒரு கணத்தில் செய்யவேண்டிய செயல். அந்தக் காலத்து அட்டிக் எழுத்தில் ஏகாரத்துக்குத் தனி எழுத்து கிடையாது, எகரத்தின் எழுத்தையே வெட்டினார்கள். பிற்காலத்தில் ஏகாரமாக வழங்கிய எழுத்து அங்கே ஹகரத்தைக் குறித்தது. கல்வெட்டுப் படிகளைப் படிப்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இலியட்டின் முதல் வாக்கியத்திலேயே, ஆறாம் அடியில், இந்த வினை வந்துவிடுகிறது. அகமெம்னோனும் அகில்லேயுஸும் சண்டையிட்டு ‘தியஸ்தேதேன்’, விலகி நின்றார்கள். தியா என்ற முன்னொட்டு பிரிவைக் காட்டுகிறது, வேர் இரண்டாம் அயோரிஸ்ட், விகுதி இருமை. இறந்தகாலத்துக்குரிய எகர முன்னொட்டைக் காணோம். காவிய மொழியில் அதை விட்டுவிடலாம். ஒருமை, இருமை, பன்மை என்று மூன்று எண்கள் கொண்ட மொழி என்பதால் ‘அந்த இருவர்’ என்ற சொல்லே வேண்டியிருக்கவில்லை.

ஒடிஸியின் இரண்டாம் பாடலில் ஒடிஸியூஸின் மனைவி பெனலோப்பி ‘ஸ்தேஸமெனே மெகன் ஹிஸ்தொன்’, பெரிய தறியை நாட்டிக்கொண்டு, நெய்யத் தொடங்குகிறாள். நடுவினை என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. முதல் அயோரிஸ்ட் என்பதால் பிறவினை, தறி செயப்படுபொருள். நடுவினை என்பதால் தனக்காக, தன் வேலைக்காக நாட்டிக்கொண்டாள். ‘கொள்’ என்ற துணைவினையைச் சேர்த்தால் தமிழில் பெரும்பாலும் சரியாக உட்காரும். ‘ஹிஸ்தொஸ்’ என்ற தறியின் பெயரே இந்த வேரிலிருந்து வந்ததுதான். கிரேக்கர்களின் தறி படுக்கைவாட்டில் இருப்பதல்ல. இரண்டு செங்குத்துக் கம்பங்கள், மேலே ஒரு குறுக்குச்சட்டம், பாவுநூல்கள் கீழ்நோக்கித் தொங்க நுனிகளில் களிமண் எடைகள். கப்பலின் பாய்மரத்துக்கும் அதே பெயர், அதுவும் நாட்டி நிறுத்துவது. உயிரணுத் திசுக்களை ஆராயும் ஹிஸ்டாலஜி என்ற துறைப்பெயரும் நெய்த துணி என்ற பொருள் வழியாக இங்கிருந்துதான் போயிற்று.

ஆர்க்கிமிடீஸ் சொன்னதாகப் பிற்காலக் கணித அறிஞர் பாப்புஸ் தரும் வாக்கியத்தில் ‘தொஸ் மொய் பூ ஸ்தோ’ என்று வருகிறது: நான் நிற்க ஓர் இடம் கொடு, பூமியை நகர்த்துகிறேன். ‘ஸ்தோ’ இரண்டாம் அயோரிஸ்ட். அந்த இடத்தில் ‘ஸ்தேஸோ’ என்று போட்டால் ‘எதை நிறுத்த?’ என்ற கேள்வி எழும்.

பெர்ஃபெக்ட் தனியாகப் பேச வேண்டியது. ஹெஸ்தேக என்பதை ‘நின்றிருக்கிறேன்’ என்று இறந்தகாலத்தோடு சேர்த்துப் புரிந்துகொள்வது தொடக்க மாணவரின் வழக்கம். எழுந்து நின்ற செயல் முடிந்துவிட்டது, அதன் விளைவான நிலை இப்போது இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அதாவது நடைமுறையில் நிகழ்காலம். வெளிப்படுத்தின விசேஷம் 3:20-இல் ‘ஹெஸ்தேக’ என்ற பெர்ஃபெக்ட்டும் ‘க்ரூவோ’ என்ற நிகழ்காலமும் ‘கை’ என்ற இணைப்புச்சொல்லோடு அடுத்தடுத்து வருகின்றன. ‘வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்’ என்ற பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதைச் சரியாகவே பிடித்திருக்கிறது. பெர்ஃபெக்ட் நிகழ்காலமாகிவிட்டதால் அதற்கென ஓர் எதிர்காலமும் தேவைப்பட்டது. ஹெஸ்தேக்ஸோ, நின்றுகொண்டிருப்பேன், என்ற அரிய வடிவம் அட்டிக்கில் அப்படி உருவானது. செய்வினையில் இப்படி ஒரு தனிச்சொல் எதிர்காலம் பெற்ற இன்னொரு வினை ‘இற’ என்ற பொருளுடையது, தெத்ஹ்னேக்ஸோ.

லூக்கா 18-இல் பரிசேயனும் ஆயக்காரனும் ஜெபிக்கும் உவமையில் தமிழில் இருவரும் ‘நின்று’தான். கிரேக்கத்தில் பரிசேயன் ‘ஸ்தத்ஹெயிஸ்’, ஆயக்காரன் ‘ஹெஸ்தோஸ்’. முன்னது செயப்பாட்டு அயோரிஸ்ட் எச்சம், பின்னது பெர்ஃபெக்ட் எச்சம். ஒருவன் வந்து தன் இடத்தில் நிமிர்ந்து நின்றான், மற்றவன் தூரத்தில் நின்றபடியே இருந்தான் என்ற வேறுபாட்டைக் காண்பது நியாயம். அதற்கு மேல் போய் முதல் வடிவத்தில் ஆணவமே இருக்கிறது என்று பிரசங்கிப்பது மிகை. அதே லூக்கா நற்செய்தியில் சகேயு எழுந்து நின்று பேசுவதற்கும் இதே ‘ஸ்தத்ஹெயிஸ்’ வருகிறது. அங்கே ஆணவம் எதுவும் இல்லை.

ஹிஸ்தேமிக்கு எடை போடுதல் என்ற பொருளும் உண்டு. தராசுத்தட்டில் வைத்து நிற்கச் செய்வதிலிருந்து வந்த பொருள். ஸ்ததேர் என்ற நாணயத்தின் பெயரும் இங்கிருந்து வந்ததே. தமிழில் ‘நிறுத்தான்’ என்றால் எடை போட்டான், ‘நிறுத்தினான்’ என்றால் நிற்கச் செய்தான். தொடர்பில்லாத இரண்டு மொழிக்குடும்பங்கள் ஒரே பொருட்பாதையில் நடந்திருக்கின்றன. மத்தேயு 26:15-இல் யூதாசுக்கு ஆசாரியர்கள் முப்பது வெள்ளிக்காசை ‘எஸ்தேஸன்’. முன்பு சொன்ன பொறி வடிவம்தான். காசு செயப்படுபொருளாக இருப்பதால் பிறவினை என்பது உறுதி. ஆனால் நிறுத்துக் கொடுத்தார்களா, விலையை நிர்ணயித்தார்களா? இரண்டு பொருளும் இந்த வினைக்கு உண்டு. தமிழின் பழைய மொழிபெயர்ப்பு ‘கொடுக்க உடன்பட்டார்கள்’ என்று இரண்டாவதைத் தேர்ந்துகொண்டது. மத்தேயுவின் சொற்கள் சகரியா 11:12-இன் கிரேக்க மொழிபெயர்ப்பை ஒட்டியே அமைந்திருக்கின்றன. அங்கே தமிழிலும் ‘நிறுத்தார்கள்’ என்றே இருக்கிறது. அதனால் மத்தேயுவிலும் எடை போடுதலே பொருத்தம் என்பது என் முடிவு.

கூட்டுவினைகளில்தான் இந்த வினை அதிகமாகப் புழங்குகிறது. அபொ, கத போன்ற முன்னொட்டுகள் ஹகரத்துக்கு முன் தம் இறுதி உயிரை இழந்து மூச்சொலியை வாங்கிக்கொள்ளும்: அப்ஹிஸ்தேமி, கத்ஹிஸ்தேமி. அயோரிஸ்ட்டில் ஹகரம் இல்லாததால் முன்னொட்டின் மெய் மாறாது: அபெஸ்தே, கதெஸ்தே. பெர்ஃபெக்ட்டில் ஹகரம் திரும்ப வரும்: அப்ஹெஸ்தேகெ. ஆக ‘ப்’ என்றால் அயோரிஸ்ட், ‘ப்ஹெ’ என்றால் பெர்ஃபெக்ட். அப்ஹிஸ்தேமியின் பிறவினை ‘கிளர்ச்சி செய்யத் தூண்டு’, தன்வினை ‘கிளர்ச்சி செய்’. கி.மு. 428-இல் லெஸ்போஸ் தீவு ஏதென்ஸிடமிருந்து ‘அபெஸ்தே’ என்று துசிடிடீஸ் எழுதும்போது அது தீவின் சொந்தக் கிளர்ச்சி. படர்க்கைப் பன்மையான ‘அபெஸ்தேஸன்’ வந்தால் மறுபடி செயப்படுபொருளைத் தேட வேண்டும். கிளர்ந்தெழுந்தவர்களையும் தூண்டிவிட்டவர்களையும் மாற்றிப் புரிந்துகொண்டால் வரலாறே தலைகீழாகிவிடும். அனிஸ்தேமியில் அப்போஸ்தலர் 2:24 கடவுள் இயேசுவை ‘அனெஸ்தேஸென்’, எழுப்பினார், என்கிறது. ஈஸ்டர் வாழ்த்து ‘க்ஹ்ரிஸ்தொஸ் அனெஸ்தே’, கிறிஸ்து எழுந்தார், என்கிறது. நிகழ்வு ஒன்று, அயோரிஸ்ட் இரண்டு.

புரியாத ஒரு வடிவம் எதிர்ப்பட்டால் முதலில் முன்னொட்டைக் கழற்றுங்கள். மீதியின் தொடக்கத்தில் ‘ஹி’ இருந்தால் நிகழ்காலமோ தொடர் இறந்தகாலமோ. ‘ஹெ’ என்றால் பெர்ஃபெக்ட். வெறும் ‘எ’ என்றால் அயோரிஸ்ட். நேராக ‘ஸ்த’வில் தொடங்கினால் எதிர்காலம், அல்லது அயோரிஸ்ட்டின் எச்சம், ஏவல் போன்றவை, ஹோமரில் எகர முன்னொட்டு இழந்த இறந்தகாலமாகவும் இருக்கலாம். ஹிஸ்தனை ‘நிறுத்த’, ஹெஸ்தனை ‘நின்றுகொண்டிருக்க’. ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு. ஹிஸ்தமென், ஹிஸ்ததெ, ஹிஸ்தேஸ் ஆகிய மூன்றும் நிகழ்காலத்திலும் தொடர் இறந்தகாலத்திலும் எழுத்தில் ஒன்றாகவே இருக்கும். அங்கே சுற்றியுள்ள வாக்கியங்கள்தான் துணை.

பேச்சுவழக்கில் ஹகரம் மறைந்தபோது இந்த அமைப்பு ஆட்டம் கண்டது. பெர்ஃபெக்ட்டின் ‘ஸ்தேக்’ பகுதியை எடுத்து மக்கள் ‘ஸ்தேகோ’, நிற்கிறேன், என்று ஒரு புதிய நிகழ்கால வினையை உண்டாக்கினார்கள். 1 கொரிந்தியர் 16:13-இல் ‘நிலைத்திருங்கள்’ என்ற ஏவலாக வருவது அதுதான். யோவான் 8:44-இல் பிசாசு சத்தியத்தில் நிலைநிற்கவில்லை என்ற இடத்தில் இதனால் ஒரு பாடச்சிக்கல். ‘எஸ்தேகென்’ என்று படித்தால் புதிய வினையின் தொடர் இறந்தகாலம்: நிற்காதிருந்தான். ‘ஹெஸ்தேகென்’ என்று படித்தால் பழைய பெர்ஃபெக்ட்: நிற்பதில்லை. ஹகரம் உண்டா இல்லையா என்று காட்டும் மூச்சுக்குறிகள் மிகப் பழைய பிரதிகளில் எழுதப்படவில்லை. முன்னால் உள்ள எதிர்மறைச் சொல் ‘ஊக்’ என்றிருக்கிறதா ‘ஊக்ஹ்’ என்றிருக்கிறதா என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். பிரதிகள் இரண்டு வகையாகவும் இருக்கின்றன. ஹகரத்தை ஒலிக்காத காலத்தவர் எழுதியவை என்பதால் அந்த ஓர் எழுத்தையும் முழுக்க நம்பிவிட முடியாது.

இன்றைய கிரேக்கத்தில் ஹிஸ்தேமி அன்றாடப் பேச்சில் இல்லை. அதன் இரண்டு பாதிகளும் இரண்டு தனி வினைகளாகிவிட்டன. பெர்ஃபெக்ட்டிலிருந்து வந்த ஸ்தெகொமெ என்றால் நிற்கிறேன்; அயோரிஸ்ட்டிலிருந்து வந்த ஸ்தீனோ என்றால் நிறுத்துகிறேன், நாட்டுகிறேன். எழுந்திருப்பதற்கு ஸிகோனொமெ என்ற வேறொரு வினை வழங்குகிறது. ஈஸ்டர் நள்ளிரவில் மட்டும் பழைய இரண்டாம் அயோரிஸ்ட், ஏகாரம் ஈகாரமாகத் திரிந்த இன்றைய ஒலிப்பில் ‘அனெஸ்தி’ என்று, கிரேக்கம் முழுவதும் வாழ்த்தாகச் சொல்லப்படுகிறது.